பத்து மடங்கு தூரம்

2007ஆம் ஆண்டுக் கடைசியில் போனஸ் கைக்கு வந்ததும் லோ யாட் பிளாசாவுக்குப் போய் ஒரு கேமரா வாங்கினேன். சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சிலுவார் பைக்குள் போட்டால் புடைத்துக்கொண்டு நிற்கும். கடையிலிருந்த சீனப் பையன் விசையைத் தள்ளினான். லென்சு அடுக்கடுக்காக வெளியே நீண்டது. எதிர்க்கடையில் தொங்கிய விலைப்பட்டியல் திரையில் பெரிதாக வந்து நின்றது. “டென் டைம்ஸ், பாஸ்,” என்றான். ஆயிரத்துச் சொச்சம் வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். அந்தப் ‘பத்து’தான் என்னை வாங்க வைத்தது. எதனுடைய பத்து மடங்கு என்று கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை.

அதைக் கேட்பதற்கு எனக்குப் பதினான்கு வருடம் ஆனது. கேட்கும்படி நேர்ந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், நீண்ட ஸூம் லென்சு இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்ற கதையைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் என் கதை புரியாது.

பத்து மடங்கு என்றால் பொருள் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும் என்று பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. லென்சின் மிக நீண்ட குவியத்தூரத்தை மிகக் குறைந்த குவியத்தூரத்தால் வகுத்தால் வரும் எண்தான் அது. 28 மி.மீட்டரில் தொடங்கி 280இல் முடிந்தால் பத்து. 35இல் தொடங்கி 350இல் முடிந்தாலும் பத்துதான். இரண்டாவது கேமரா இன்னும் தொலைவு எட்டும், ஆனால் பெட்டியின்மேல் இரண்டுக்கும் ஒரே எண்தான் அச்சாகியிருக்கும்.

ஸூம் லென்சு முதலில் சினிமாக்காரர்களின் சொத்து. 1932இல் குக் வாரோ என்ற லென்சு வந்தது. 40இலிருந்து 120 மி.மீ. வரை, அதாவது மூன்று மடங்கு. நிழற்படக் கேமராவுக்கு முதல் ஸூம் லென்சு வர 1959 ஆகிவிட்டது. ஃபோக்லாண்டர் நிறுவனத்தின் ஸூமார், 36இலிருந்து 82 மி.மீ. வரை. இரண்டரை மடங்குகூட இல்லை. உள்ளே கண்ணாடிகள் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் நகர வேண்டும், நகரும்போது படத்தின் கூர்மையும் கெடக்கூடாது. கணினி இல்லாத காலத்தில் அந்தக் கணக்கைப் போடுவது பெரும்பாடு.

பைக்குள் போடும் கேமராவுக்கு ஸூம் வந்தது 1986இல். பென்டாக்ஸ் ஸூம் 70, 35இலிருந்து 70 மி.மீ. வரை. அதற்குப் பிறகு 105, 115, 160, 200 என்று எண்கள் ஏறிக்கொண்டே போயின. எங்கள் சித்தப்பாவிடம் அப்படிப்பட்ட பிலிம் கேமரா ஒன்று இருந்தது. கல்யாண வீடுகளில் அவர் லென்சை முழுக்க நீட்டி எடுத்த படங்கள் எல்லாமே இருட்டாகவும் கலங்கலாகவும் வரும். “கடைக்காரன் கழுவத் தெரியாம கெடுத்துட்டான்” என்று படக்கடைக்காரரைத் திட்டுவார். பாவம், கடைக்காரர்மேல் தப்பில்லை. அந்தக் கேமராக்களில் லென்சு முழுக்க நீளும்போது ஒளி நுழையும் வாய் சுருங்கிவிடும். சிலவற்றில் எஃப் 10ஐயும் தாண்டும். பட்டப்பகலில் கடற்கரையில் எடுக்கலாம். மண்டபத்துக்குள் எடுத்தால் சித்தப்பாவுக்கு வந்தது போலத்தான் வரும்.

பிலிமின் அளவு 36க்கு 24 மி.மீ. அந்தப் பரப்பு முழுவதையும் நிரப்பும் நீண்ட லென்சு பெரிதாகத்தான் இருந்தாக வேண்டும். இயற்பியலில் பேரம் பேச முடியாது. கெனன் 1993இல் கொண்டுவந்த 1200 மி.மீ. லென்சின் எடை 16.5 கிலோ. ஆள் பிடித்துத் தூக்க வேண்டிய பொருள்.

டிஜிட்டல் வந்ததும் இந்தத் தடை வேறு வழியில் உடைந்தது. லென்சைச் சின்னதாக்குவதற்குப் பதிலாக, பிலிம் இருந்த இடத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள். சின்னக் கேமராக்களில் இருந்த சென்சார் ஏறத்தாழ 6க்கு 4.5 மி.மீ.தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதை நிரப்பச் சின்ன லென்சே போதும். 2007இல் வந்த பானாசோனிக் டி.இசட்.3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் 28–280 மி.மீ. என்று இருக்கும். லென்சின் விளிம்பைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தால் உண்மையான எண் தெரியும்: 4.6–46 மி.மீ. பிலிம் கேமராவில் 280 மி.மீ. லென்சு காட்டும் காட்சிக்குச் சமம் என்பதுதான் விளம்பரத்தின் பொருள். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

காரணம் இதுதான். லென்சு முழுக்க நீண்டிருக்கும்போது அதன் எஃப் எண் 4.9. 46ஐ 4.9ஆல் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் அகலம் கிடைக்கும்: ஒன்பது மி.மீட்டர் சொச்சம். பிலிம் கேமராவில் உண்மையான 280 மி.மீ. லென்சுக்கு அதே எஃப் எண்ணில் 57 மி.மீ. வாய் வேண்டும். காட்சி ஒன்றுதான், ஆனால் ஒன்று அண்டா, மற்றது டம்ளர். மழை நன்றாகப் பெய்யும்போது டம்ளரும் நிறைந்துவிடும். தூறலில்தான் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது கை நடுக்கம். தூரத்தை இழுக்க இழுக்க நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். 280 மி.மீட்டரில் படம் கலங்காமல் இருக்க ஷட்டர் ஒரு விநாடியில் ஏறக்குறைய 280இல் ஒரு பங்கு நேரம்தான் திறந்திருக்கலாம் என்பது பிலிம் காலத்து மனக்கணக்கு. ஒன்பது மி.மீ. வாயை வைத்துக்கொண்டு அது எங்கே நடக்கும்?

இதற்கு வழி கண்டவர் மிட்சுஆகி ஓஷிமா என்ற ஜப்பானியப் பொறியாளர். மட்சுஷிட்டா நிறுவனத்தில், அதாவது இன்றைய பானாசோனிக்கில், காடிகளுக்கு வழிகாட்டும் கருவிக்காக அதிரும் ஜைரோ உணரிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். காடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்கும் உணரியால் கை எந்தப் பக்கம் நடுங்குகிறது என்றும் அளக்க முடியும். நடுக்கத்துக்கு எதிர்த்திசையில் ஈடு செய்துவிட்டால் படம் நின்றுவிடும். 1988இல் பானாசோனிக் பிவி-460 என்ற வீடியோ கேமராவில் இது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 1994இல் நிக்கான் தன் ஸூம் 700வி.ஆர். பிலிம் கேமராவில் வைத்தது. மறுவருடம் கெனன் 75–300 மி.மீ. லென்சுக்குள்ளேயே வைத்தது.

இந்த இரண்டையும், சின்ன சென்சாரையும் நடுக்கம் நிறுத்தும் லென்சையும், ஒன்றாகக் கட்டியதில்தான் நம் கேமரா பிறந்தது. சோனி 1998இல் விற்ற மாவிகா எஃப்.டி.91ஐ இப்போது பார்த்தால் சிரிப்பு வரும். 14 மடங்கு ஸூம், நடுக்கம் நிறுத்தும் வசதி, படத்தைச் சேமிக்க ஃப்ளாப்பி டிஸ்க்! 2000இல் ஒலிம்பஸ் சி-2100, 10 மடங்கு. 2002இல் பானாசோனிக் எஃப்.இசட்.1, 12 மடங்கு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எஃப் 2.8 குறையாமல் நின்ற லென்சு அது. என்னைக் கேட்டால் இந்த வரிசையிலேயே நேர்மையான கேமரா அதுதான். இரண்டு மெகாபிக்சல்தான், ஆனால் ஒளியைக் கஞ்சத்தனம் இல்லாமல் வாங்கிக்கொண்டது. பின்னால் வந்தவை மெகாபிக்சலையும் ஸூமையும் ஏற்றி ஒளியை விட்டுக்கொடுத்தன. வாங்குபவன் பெட்டியில் அந்த இரண்டு எண்களைத்தானே படிக்கிறான்? நானும் அப்படித்தான் படித்தேன்.

இவையெல்லாம் கழுத்தில் தொங்கவிடும் அளவு. பைக்குள் போகும்படி செய்தது 2006இல் வந்த டி.இசட்.1. உள்ளே ஒரு பட்டகம் வைத்து ஒளியைச் செங்குத்தாக மடக்கினார்கள். மினோல்டா 2002இல் டிமாஜ் எக்ஸ் என்ற தட்டைக் கேமராவில் செய்த வித்தையை இங்கே 10 மடங்கு ஸூமுக்கு நீட்டினார்கள். அடுத்த மாடலிலேயே பட்டகத்தைக் கைவிட்டு, உள்ளுக்குள் மடங்கும் நேர்க்குழாய்க்குத் திரும்பிவிட்டார்கள். பட்டகத்தை மறந்துவிடாதீர்கள், வேறோர் இடத்தில் திரும்பி வரும்.

என் அத்தை மகள் ஷா ஆலாமில் ஜப்பானியர் நடத்தும் லென்சுத் தொழிற்சாலை ஒன்றில் சில காலம் வேலை பார்த்தாள். தலை, வாய், கை எல்லாம் மூடிக்கொண்டு, பட்டாணி அளவுக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கீறல், ஒரு தூசி தேடும் வேலை. “ஒரு நாளைக்கு எத்தனை பார்ப்பே?” என்று கேட்டேன். “எண்ணினா பைத்தியம் புடிக்கும், எண்ண மாட்டேன்,” என்றாள். வளைவு சீராக இல்லாத கண்ணாடிகளை அச்சில் வைத்து அழுத்தி வார்க்கும் முறை வந்ததால்தான், பல கண்ணாடிகள் செய்த வேலையை ஒன்றிரண்டே செய்து குழாயும் குட்டையானது. பத்து மடங்கு என்ற எண்ணுக்குப் பின்னால் அவளைப் போன்றவர்களின் கண்வலியும் இருக்கிறது.

பிறகு எண்களின் ஓட்டப்பந்தயம். பைக்குள் போகும் டி.இசட். வரிசையிலேயே 10, 12, 16, 20 என ஏறி 2014இல் 30 மடங்கு. கழுத்தில் தொங்குபவற்றில் கெனன் எஸ்.எக்ஸ்.50 2012இல் 50 மடங்கைத் தொட்டது, 24–1200 மி.மீ.க்குச் சமம். எடை 600 கிராமுக்குள். மேலே சொன்ன 16.5 கிலோ லென்சு காட்டிய அதே காட்சி! 2015இல் நிக்கான் பி900, 83 மடங்கு. 2018இல் பி1000, 125 மடங்கு, 3000 மி.மீ.க்குச் சமம். அதன் எடை 1.4 கிலோ, பை, கழுத்து இரண்டையும் தாண்டி முக்காலிக்குப் போய்விட்டது. பி900ஐ உலகமெங்கும் பிரபலமாக்கியவர்களில் பூமி தட்டை என்று நம்பும் கூட்டமும் உண்டு. அடிவானத்தில் மறைந்த கப்பலை இந்தக் கேமரா திரும்பக் கொண்டுவருகிறது, ஆகவே பூமி உருண்டை இல்லையாம். கப்பல் மறையவில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்திருந்தது, அவ்வளவுதான். உண்மையிலேயே அடிவானத்துக்குக் கீழே இறங்கிய கப்பலை எந்த லென்சாலும் தூக்கி நிறுத்த முடியாது.

யார் இந்தக் கேமராக்களை வாங்கினார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரேசர் மலையிலும் கோலசிலாங்கூர் சதுப்பு நிலத்திலும் பறவை பார்க்க வருகிறவர்களில், பல்லாயிரம் வெள்ளி லென்சு வைத்திருப்பவர்களுக்குப் பக்கத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சின்னக் கேமராவோடு நிற்பார். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் அம்மாக்கள். கும்பாபிஷேகத்தில் கோபுரத்தின் கீழே அரை மைல் கூட்டத்தின் கடைசியில் நிற்பவர்கள். முன்வரிசை நாற்காலியும் பத்திரிகையாளர் அட்டையும் இல்லாதவர்கள் பின்னால் நின்றபடியே முன்னால் போய்ப் பார்க்கும் வழியாக இது இருந்தது. பின்வரிசை எனக்கும் பழக்கமான இடம்தான்.

2008 ஜனவரி 23. தைப்பூசம். ஹிண்ட்ராஃப் பேரணி முடிந்து இரண்டே மாதம். பத்துமலைக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு வாக்குவாதம். அப்பாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. தங்கைக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்குப் பால்குடம் நேர்ந்திருந்தார். “வேண்டினது வேண்டினதுதான்டா. மத்தது அப்புறம்,” என்றார். விடிவதற்கு முன்பே படியேறினார். 272 படி. நான் அடிவாரத்தில், முருகன் சிலைக்குப் பக்கத்தில், கூட்டத்தில் நசுங்கியபடி கேமராவைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா படத்துக்குச் சிரிக்கவே மாட்டார். லோரி ஓட்டிய காலத்தில் டயர் கழற்றும் கம்பி தெறித்து மேல்வரிசையில் ஒரு பல் போய்விட்டது. அதனால் கேமராவைக் கண்டாலே உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். அடையாள அட்டையிலிருந்து தங்கை கல்யாணம் வரை எல்லாப் படத்திலும் போலீஸ்காரர் மாதிரி இருப்பார். அன்றைக்குப் பாலை ஊற்றிவிட்டு இறங்கி வரும்போது பக்கத்தில் வந்தவர் ஏதோ சொன்னார். அப்பா வாயைத் திறந்து சிரித்தார். ஐம்பது மீட்டர் இருக்கும். லென்சு முழுக்க நீண்டிருந்தது. அழுத்தினேன். நான் படம் எடுப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சிரிப்பு இல்லை.

கேமராவின் திரையில் படம் அருமையாக இருந்தது. அந்தத் திரையில் எந்தப் படமும் அருமையாகத்தான் இருக்கும். கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முகம் மெழுகில் செய்தது போல இருந்தது. மீசை எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. திருநீற்றுப் பட்டை ஒரு வெள்ளைத் தீற்றல்.

மேலே சொன்ன கணக்கெல்லாம் அந்த ஒரு படத்தில் கூடிவந்திருக்கின்றன. விடியாத நேரம், குழல்விளக்கு வெளிச்சம், ஒன்பது மி.மீ. வாய். கேமரா தன் உணர்திறனை ஏற்றிக்கொண்டது. நடுக்கம் நிறுத்தும் கருவி என் கையைத்தான் நிறுத்தும், படியில் இறங்குகிற அப்பாவை நிறுத்தாது. போதாத ஒளியில் சென்சார் தந்த படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல். கேமராவுக்குள் இருக்கும் செயலி ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டு, இது இரைச்சல், இது உண்மை என்று தீர்ப்புச் சொல்லி, இரைச்சல் என்று பட்டதை வழித்துவிடும். தலைமுடி, புல், தோலின் சுருக்கம் எல்லாமே அதன் கண்ணுக்கு இரைச்சல் போலத்தான். என் கேமராவை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்துச் சின்னக் கேமராக்கள் எல்லாமே கூடவோ குறையவோ இதைச் செய்தன. தூரத்தைக் கடந்தது கண்ணாடி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசி ஒரு முழத்தை ஊகம்தான் கடந்தது.

அந்த ஒரு முழம் பிறகு நீண்டுகொண்டே போனது. 2010இல் ஜப்பான் கேமரா நிறுவனங்கள் உலகுக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல், அவற்றில் பெரும்பாலானவை லென்சு கழற்ற முடியாத சின்னக் கேமராக்கள். 2020இல் மொத்தமே 90 லட்சத்துக்கும் குறைவு. கைப்பேசி மற்றதையெல்லாம் முதலில் தின்றது. ஸூமை மட்டும் தின்ன முடியாமல் கொஞ்ச காலம் திணறியது. கைப்பேசியின் தடிமனுக்குள் நீளும் குழாய்க்கு இடமில்லை. அங்கேதான் பட்டகம் திரும்பி வந்தது. 2019இல் ஹுவாவெய் பி30 புரோவில் ஒளியை மடக்கும் 5 மடங்கு லென்சு. மறுவருடம் சாம்சங் 100 மடங்கு என்றது. அந்த நூறில் கண்ணாடியின் பங்கு சிறியது. மிச்சமெல்லாம் கணக்கு. 2023இல் ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே கலங்கலாக்கிக் கணினித் திரையில் காட்டி, அதை சாம்சங் எஸ்23 அல்ட்ராவால் எடுத்தார். அந்தக் கலங்கல் படத்தில் இல்லாத பள்ளங்கள் கைப்பேசியின் படத்தில் வந்துவிட்டன. இது நிலவு என்று அடையாளம் கண்டு விவரங்களை மேம்படுத்துகிறோம் என்று நிறுவனமும் விளக்கம் தந்தது.

நிலவுக்கு அது பரவாயில்லை. நிலவின் முகம் எல்லாருக்கும் தெரியும், ஏமாற்றினால் கண்டுபிடித்துவிடலாம்.

அப்பா 2021இல் தவறினார். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். பக்கத்து வீட்டுக்காரர்கூட வாசலோடு நின்றுவிட்டார். கடைகள் திறந்த பிறகு, சாமி மேடையில் மாட்டுவதற்கு அந்தப் பத்துமலைப் படத்தைக் கிள்ளானில் ஒரு படக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரத் தம்பி பெரிதாக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முகத்தின் உயரம் மொத்தமே நூறு பிக்சல் சொச்சம். “ஒண்ணும் பயப்படாதீங்கண்ணே, இப்பல்லாம் சாஃப்ட்வேர் இருக்கு” என்று ஏதோ ஒன்றைத் தட்டினார். அரை நிமிடம்தான். திரையில் அப்பாவின் மீசை முடி முடியாக நின்றது. கண்ணில் ஒளி, நெற்றியில் மூன்று கோடாகத் திருநீறு. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“எப்படிண்ணே?”

“பல்லு,” என்றேன்.

வரிசை குறையாமல் பல் இருந்தது. வெள்ளையாக, சீராக. அப்பாவுக்கு என்றைக்குமே இல்லாத பல். பழைய கலங்கல் படத்தில் அந்த இடத்தில் நான்கே நான்கு இருண்ட பிக்சல். கேமராவின் செயலி அதையும் வழித்திருக்கலாம், எப்படியோ விட்டுவைத்திருந்தது. இந்த மென்பொருள் அதைத்தான் குறை என்று எடுத்துக்கொண்டு நிரப்பிவிட்டது. பல்லைப் பார்த்தபின் கண்ணையும் நம்ப முடியவில்லை. அந்தக் கண் அப்பாவுடையதா, இப்படிப்பட்ட வயதானவர்களுக்கு இப்படித்தான் கண் இருக்கும் என்று எங்கிருந்தோ வந்ததா?

“பழைய படத்தையே போடுங்க, தம்பி.”

“அண்ணே, பெரிசாப் போட்டா மூஞ்சே தெரியாது.”

“பெரிசு வேணாம். 4ஆர் போதும். வெட்டாதீங்க, படியெல்லாம் சேர்த்துப் போடுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார். படத்தில் படிகள், கம்பி, மஞ்சள் உடுத்திய கூட்டம். நடுவில் நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு அப்பா. முகம் நகத்தளவுகூட இல்லை.

வீட்டில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க பாரு, பொக்கப் பல்லு. உங்கப்பாதான்.”